படிப்பவர் கையில் மெனு: ஆன்லைன் பாடம் முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

ஒரு தொழிற்சாலை. கேன்டீனில் வடைச்சட்டி முன் நிற்கும் மாஸ்டர், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி, அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்திருப்பவர் என்று எல்லாருக்கும் தீப் பாதுகாப்பு பற்றி ஒரே ஆன்லைன் பாடம் போகிறது. நாற்பது ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் வலது மூலையில் 'அடுத்து'. மாஸ்டருக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது, எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது. அது முப்பத்தோராவது ஸ்லைடில் இருக்கிறது. அங்கே வருவதற்குள் அவர் முப்பது தடவை 'அடுத்து' அழுத்தியிருப்பார். அதே வேகத்தில் முப்பத்தோராவதையும் தாண்டிப் போயிருப்பார்.

எழுதியிருக்கும் விஷயத்தில் தப்பில்லை. எங்கே தொடங்குவது, எதை விடுவது, எதற்குத் திரும்பி வருவது என்று படிப்பவர் முடிவு செய்ய அதில் இடமில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தருவது மெனு, அதாவது எந்தப் பகுதிக்குப் போவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டன்கள் உள்ள பக்கம். சென்னையில் இ-லேர்னிங் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லா ஸ்லைடும் முடிந்த பிறகு, கடைசி நாளில், "சரி, இப்ப ஒரு மெனு போட்டுடலாம்" என்று உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெனுவை முதலில் செய்யவேண்டும், அதுவும் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால். இந்தத் தீப் பாதுகாப்புப் பாடத்தையே கையில் வைத்துக்கொண்டு, ஒரு மெனுவை ஆரம்பத்திலிருந்து செய்து பார்ப்போம்.

முதலில் தாளும் பென்சிலும்

பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொடுக்கும் பொருளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: முன்னுரை, தீ உருவாகும் விதம், தீயின் வகைப்பாடு, தீயணைப்பான்களின் வகைகள், தீயணைப்பானின் இயக்குமுறை, அவசரகால வெளியேற்றம், மதிப்பீடு. இதை அப்படியே ஏழு பட்டனாக்கினால் கிடைப்பது பொருளடக்கம்தான். பாடத்தில் என்னென்ன இருக்கிறது என்று அது சொல்லும். படிப்பவர் எதைக் கேட்டு வந்தார் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, படிக்கப்போகிறவர்களில் மூன்று பேரிடம் ஐந்தைந்து நிமிடம் பேசுவது. "தீ பற்றி உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். "உங்க இடத்துல தீப்பிடிச்சா முதல்ல என்ன சந்தேகம் வரும்?" என்று கேளுங்கள், கொட்டும். மாஸ்டர் கேட்பார்: "சட்டியில எண்ணெய் பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தலாமா?" செக்யூரிட்டி: "எல்லாரும் வெளிய ஓடி வந்தா எங்க நிக்க வைக்கிறது?" அக்கவுண்ட்ஸ்காரர்: "சுவத்துல ரெண்டு சிவப்பு சிலிண்டர் தொங்குது, எதை எடுக்கணும்?"

இந்தக் கேள்விகளையே பட்டனின் பெயராக்குங்கள். நான் எழுதினால் இப்படி வரும்: 'எண்ணெய் தீப்பிடித்தால்', 'மின்சாதனம் தீப்பிடித்தால்', 'எந்தத் தீக்கு எந்த சிலிண்டர்', 'சிலிண்டரை இயக்குவது', 'எந்த வழியாக வெளியே போவது', 'யாருக்கு போன் செய்வது'. ஆறு. 'தீயணைப்பான்களின் வகைகள்' என்பதற்கும் 'எந்தத் தீக்கு எந்த சிலிண்டர்' என்பதற்கும் உள்ளடக்கம் ஒன்றுதான். ஆனால் முன்னதைப் படிப்பவர் பரீட்சைக்குப் போவதாக நினைப்பார்.

'தீ உருவாகும் விதம்' எங்கே போயிற்று? அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால்தான் தீ, ஒன்றை எடுத்துவிட்டால் அணையும் என்பது தெரியாதவருக்கு, சட்டியை மூடியால் மூடச் சொல்வது ஏன் என்று புரியாது. ஆகவே அதைத் தனிப் பட்டனாக வைக்காமல், எண்ணெய்த் தீ ஸ்லைடிலேயே 'ஏன் தண்ணீர் கூடாது?' என்று ஒரு சின்ன பட்டனுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். அடுப்பை அணை, மூடியால் மூடு, ஆறும்வரை திறக்காதே என்று செய்யவேண்டியது முதலில் கண்ணில் படும். காரணம் கேட்பவருக்குக் காரணமும் கிடைக்கும். கேட்டு வந்ததை முன்னால் வை, அதற்கு ஆதாரமானதை ஒரு தட்டலுக்குப் பின்னால் வை: மெனு வேலையில் பாதி இவ்வளவுதான்.

இப்போது தாளின் நடுவில் ஒரு பெட்டி வரைந்து 'மெனு' என்று எழுதுங்கள். சுற்றிலும் ஆறு பெட்டி. மெனுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அம்பு, அங்கிருந்து மெனுவுக்குத் திரும்ப ஓர் அம்பு. புதியவர்கள் போகிற அம்பை வரைகிறார்கள், வருகிற அம்பை மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பெட்டிக்குப் பெட்டி நேரடி அம்பு எங்கே தேவை என்று பாருங்கள். மின்சாதனத் தீ பற்றிப் படிக்கும்போதே 'எந்த சிலிண்டர்' என்ற கேள்வி வரும். மெனுவுக்குப் போய்த் திரும்பி வரச் சொல்லாமல் அங்கேயே ஒரு இணைப்பு வையுங்கள். இப்படி இரண்டு மூன்று போதும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் படிப்பவர் சந்துக்குள் மாட்டிக்கொள்வார்.

எத்தனை பட்டன் வைக்கலாம் என்று கேட்டால் "ஏழுக்கு மேல் கூடாது, மூளை தாங்காது" என்று யாராவது சொல்வார்கள். ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அவர் பேசியது, குறுகிய நேரம் மனதில் நிறுத்திவைக்கும் திறனைப் பற்றி. மெனு கண் முன்னாலேயே இருக்கிறது, யாரும் அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருந்தால் ஒன்பதும் சரி, குழம்பினால் நான்கும் அதிகம். நான் பார்ப்பது ஒன்றுதான்: போனில் நகர்த்தாமல் முழு மெனுவும் தெரிகிறதா?

எவ்வளவு சுதந்திரம்

படிப்பவருக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுப்பது என்ற கேள்வி புதிதல்ல. 1970-களில் அமெரிக்காவில் டிக்கிட் என்ற கணினி வழிக் கல்வி அமைப்பை உருவாக்கினார்கள். மைட்டர் நிறுவனமும் பிரிகாம் யங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. அதன் கீபோர்டில் படிப்பவருக்கென்றே தனிச் சாவிகள் இருந்தன: விதியைக் காட்டு, உதாரணம் காட்டு, பயிற்சி கொடு, இன்னும் சுலபமாக, இன்னும் கடினமாக, உதவி. அடுத்த பக்கம் எது என்பதைப் பெரும்பாலும் மாணவரே இந்தச் சாவிகளால் தீர்மானித்தார். எனக்கு அதில் மிகவும் பிடித்தவை வேறு இரண்டு சாவிகள்: 'வரைபடம்', 'ஆலோசனை'. ஒன்று, பாடம் முழுவதிலும் நீ எங்கே இருக்கிறாய் என்று காட்டும். மற்றது, அடுத்து எதைச் செய்தால் நல்லது என்று சொல்லும். விருப்பப்படி போகவிட்டவர்கள் கூடவே வரைபடத்தையும் ஆலோசனையையும் கொடுத்தார்கள். இன்று பல பாடங்களில் அந்த இரண்டும் காணோம்.

முழுச் சுதந்திரம் எல்லாருக்கும் வசதி என்று நினைக்கவேண்டாம். பத்து வருடம் அடுப்பருகே நின்றவர் தனக்குத் தேவையானதை நேராகப் போய் எடுத்துக்கொள்வார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கு, தனக்கு எது தெரியாது என்பதே தெரியாது. ஆறு பட்டனைக் காட்டி "எதை வேண்டுமானாலும் அழுத்து" என்றால் அவர் முதல் பட்டனை அழுத்துவார், அல்லது ரொம்பச் சின்னதாகத் தெரிவதை அழுத்துவார். அவருக்காக மெனுவின் மேலே ஒரு வரி: 'புதியவரா? இங்கிருந்து தொடங்குங்கள்'. அது ஒரு வரிசைப்படி அழைத்துப்போகும். வேண்டாதவர் அதைத் தொடவேண்டியதில்லை.

இன்னொரு நல்ல வழி, முதல் ஸ்லைடிலேயே 'நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள்?' என்று கேட்பது. சமையலறை, கேட், அலுவலகம். சமையலறை என்று சொன்னவருக்கு வரும் மெனுவில் எண்ணெய்த் தீயும் போன் எண்ணும் 'உங்களுக்கு முக்கியம்' என்ற குறியோடு மேலே இருக்கும். மற்ற நான்கும் கீழே இருக்கும், மறையாது. மறைத்துவிட்டால் அது பரிந்துரை இல்லை, பூட்டு.

பூட்டைப் பொறுத்தவரை என் பழக்கம் இது: கடைசித் தேர்வு ஒன்றுக்குத்தான் பூட்டு, அதுவும் பாடத்தைச் செய்யச் சொன்னவர்கள் வற்புறுத்தினால்தான். பூட்டினால் காரணத்தைப் பட்டனிலேயே எழுதுங்கள். 'தேர்வு: இன்னும் 2 பகுதி பாக்கி'. வெறும் சாம்பல் நிறப் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அது பேசாது. பாடம் கெட்டுப்போய்விட்டது என்று ஐடி ஆளைக் கூப்பிடுவார்கள்.

பவர்பாயிண்டில் செய்து பார்ப்பது

பெரிய மென்பொருள் எதுவும் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை பவர்பாயிண்டில் செய்துவிடுங்கள். ஒரு மதியம் போதும்.

முதல் ஸ்லைடு மெனு. அதில் ஆறு செவ்வகம், ஒவ்வொன்றிலும் பெயரும், கீழே சின்னதாக '3 நிமிடம்' என்பது போல் நேரமும். பின்னால் ஆறு பகுதிகளின் ஸ்லைடுகள். செவ்வகத்தின் விளிம்பைக் கிளிக் செய்து தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துக்கு மட்டும்தான் இணைப்பு விழும், படிப்பவர் பெட்டியின் ஓரத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. பிறகு 'இன்சர்ட்' போய் 'லிங்க்', அதில் 'பிளேஸ் இன் திஸ் டாக்குமெண்ட்', வேண்டிய ஸ்லைடு. ஆறு தடவை.

திரும்பும் பட்டனை ஒவ்வொரு ஸ்லைடிலும் தனித்தனியாக ஒட்டாதீர்கள். 'ஸ்லைடு மாஸ்டர்' திறந்து, பாட ஸ்லைடுகளுக்கான லேஅவுட்டில் ஒரே ஒரு 'மெனு' பட்டன் வைத்து, அதற்கு முதல் ஸ்லைடை இணையுங்கள். எல்லா ஸ்லைடிலும் ஒரே இடத்தில் வந்துவிடும், நாளைக்கு இடம் மாற்றவேண்டுமென்றால் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். பாதியில் சிலிண்டரின் படம் பார்க்க ஒரு உதவி ஸ்லைடு வைத்திருக்கிறீர்களா? அங்கிருந்து திரும்ப 'ஆக்‌ஷன்' அமைப்பில் 'லாஸ்ட் ஸ்லைடு வியூட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த ஸ்லைடிலிருந்து வந்தாரோ அங்கேயே போய்விடுவார்.

இப்போது ஓட்டிப் பார்த்தால் ஒரு கோளாறு தெரியும். பட்டனை விட்டுவிட்டு வெற்றிடத்தில் கிளிக் செய்தால் பவர்பாயிண்ட் தன் வழக்கப்படி அடுத்த ஸ்லைடுக்கு ஓடிவிடும். மெனுவில் இருந்தவர் தான் கேட்காத எண்ணெய்த் தீயில் போய் விழுவார். இதற்கு மருந்து, 'ஸ்லைடு ஷோ' தாவலில் 'செட் அப் ஸ்லைடு ஷோ', அங்கே 'பிரவுஸ்டு அட் எ கியாஸ்க்'. அதற்குப் பிறகு இணைப்பு வைத்த இடங்கள் மட்டும்தான் வேலை செய்யும். வெற்றிட கிளிக்கும் அம்புச் சாவியும் செத்துவிடும். அதே காரணத்தால், பகுதிக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்லைடிலும் 'அடுத்து', 'முன்பு' பட்டன்களை நீங்களே வைத்தாகவேண்டும். ஒன்றை மறந்தாலும் படிப்பவர் அங்கேயே நிற்பார். இது கம்ப்யூட்டரில் ஓட்டுவதற்கான ஏற்பாடு. கோப்பை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போனில் விரலால் தள்ளிக்கொண்டு போவார்கள், பூட்டெல்லாம் எடுபடும் என்று நம்பவேண்டாம்.

பவர்பாயிண்டால் முடியாத ஒன்று, நினைவு வைத்துக்கொள்வது. மாஸ்டர் இரண்டு பகுதி முடித்துவிட்டார் என்பது அதற்குத் தெரியாது. எழுத்துக்கு இணைப்பு கொடுத்தால், பார்த்த இணைப்பின் நிறம் மாறும், அது கோப்பை மூடும்வரை மட்டும். எங்களோடு இருந்த ஒரு தம்பி இதற்குச் சளைக்காமல், எந்தெந்தப் பகுதி முடிந்தது என்ற ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு மெனு ஸ்லைடு செய்யக் கிளம்பினான். ஆறு பகுதி என்றால் 64 மெனு ஸ்லைடு. பதினொன்றாவதில் நிறுத்தினான். நினைவு வேண்டுமென்றால் கருவியை மாற்றவேண்டும்.

நினைவுள்ள கருவிக்குப் போகும்போது

காசு செலவழிக்கமுடியாதவர்களுக்கு எச்ஃபைவ்பி என்ற கருவி இருக்கிறது. ஆன்லைன் பாடங்களை ஏற்றி நடத்தும் மூடில் தளத்துக்குள்ளேயே பயன்படுத்தலாம். அதில் 'கோர்ஸ் பிரசன்டேஷன்' எடுத்து, 'ஆக்டிவ் சர்ஃபேஸ்' முறையை இயக்கினால் கீழே இருக்கும் வழக்கமான நகர்வுப் பட்டை மறைந்துவிடும். நீங்கள் வைக்கும் 'கோ டு ஸ்லைடு' இணைப்புகளால் மட்டும் நகரமுடியும். பவர்பாயிண்டில் கியாஸ்க் செய்த அதே வேலை. எளிய மெனுவுக்கு இது தாராளம்.

கம்பெனிகளில் நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஆர்டிகுலேட் ஸ்டோரிலைன் என்ற, பாடம் செய்யும் மென்பொருள். விலை அதிகம், விண்டோஸில் மட்டும் ஓடும், ஆனாலும் இந்த வேலைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். மூன்று சொற்கள் தெரிந்தால் மெனு செய்துவிடலாம். ஸ்டேட் என்பது பட்டனின் தோற்ற நிலை. ட்ரிக்கர் என்பது 'இது நடந்தால் அதைச் செய்' என்ற கட்டளை. வேரியபிள் என்பது பாடம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன டப்பா.

பட்டனுக்கு 'விசிட்டட்' என்ற ஸ்டேட் தயாராகவே வரும். அதில் ஒரு டிக் படம் வைத்தால், படிப்பவர் அழுத்திய பட்டனில் டிக் விழும். எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேதான் விழவும் செய்கிறார்கள். அந்த டிக் விழுவது அழுத்தியதற்கு, முடித்ததற்கு அல்ல. எண்ணெய்த் தீ பட்டனை அழுத்திவிட்டு, முதல் ஸ்லைடிலேயே 'மெனு' என்று திரும்பி வந்தவருக்கும் டிக்.

சரியாகச் செய்ய: 'எண்ணெய்_முடிந்தது' என்ற பொருளில் ஒரு வேரியபிள் உருவாக்குங்கள், உண்மை அல்லது பொய் வகை, தொடக்க மதிப்பு பொய். பெயரைக் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரும்படி ஆங்கிலத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பகுதியின் கடைசி ஸ்லைடில் ஒரு ட்ரிக்கர்: டைம்லைன் தொடங்கும்போது, அதாவது அந்த ஸ்லைடு திறந்ததும், இந்த வேரியபிளை உண்மையாக்கு. மெனு ஸ்லைடில் பட்டனுக்கு 'முடிந்தது' என்று நீங்களே ஒரு ஸ்டேட் சேர்த்து அதில் டிக் வையுங்கள். பழைய 'விசிட்டட்' ஸ்டேட்டை அழித்துவிடுங்கள், இரண்டும் சண்டை போடும். பிறகு மெனு ஸ்லைடில் ட்ரிக்கர்: டைம்லைன் தொடங்கும்போது, வேரியபிள் உண்மையாக இருந்தால், பட்டனின் ஸ்டேட்டை 'முடிந்தது' ஆக்கு. ஆறு பட்டனுக்கும் இதே. தேர்வுப் பட்டனுக்குத் தொடக்க நிலை 'டிசேபிள்டு'. ஆறு வேரியபிளும் உண்மையானால் 'நார்மல்'.

இரண்டு இடத்தில் இது சொதப்பும், இரண்டிலும் நான் பல மணி நேரம் தொலைத்திருக்கிறேன். ஒன்று, ட்ரிக்கர்கள் மேலிருந்து கீழாக ஓடும். திரும்பும் பட்டனில் 'மெனுவுக்குப் போ' மேலேயும் 'வேரியபிளை உண்மையாக்கு' கீழேயும் இருந்தால், பாடம் மெனுவுக்குப் போய்விடும், வேரியபிள் பொய்யாகவே கிடக்கும். தாவும் ட்ரிக்கர் எப்போதும் கடைசியில் இருக்கட்டும். இரண்டு, மெனு ஸ்லைடின் பண்புகளில் 'வென் ரிவிசிட்டிங்' என்று ஓர் அமைப்பு. 'விசிட்டட்' டிக்கை நம்பியிருப்பவர்கள் அதை 'ரிசெட் டு இனிஷியல் ஸ்டேட்' என்று வைத்தால், ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் எல்லா டிக்கும் துடைத்துப்போட்டதுபோல் காணாமல் போகும். மெனு ஸ்லைடுக்கு 'ரெஸ்யூம் சேவ்டு ஸ்டேட்'.

பாட ஸ்லைடுகள் எல்லாவற்றுக்கும் அதையே வைக்காதீர்கள். ஸ்கார்ம் என்பது பாடமும் அதை ஏற்றி ஓட்டும் தளமும் பேசிக்கொள்வதற்கான தரம். அதன் பழைய 1.2 பதிப்பில், படிப்பவர் விட்டுப்போன நிலையைச் சேமிக்க 4,096 எழுத்துதான் இடம். பெரிய பாடத்தில் ஒவ்வொரு ஸ்லைடின் நிலையையும் சேமிக்கச் சொன்னால் அந்த இடம் நிரம்பும். பாதியில் மூடிவிட்டு மறுநாள் வருபவர் எங்கோ போய் நிற்பார். ஸ்கார்ம் 2004-இன் மூன்றாம் பதிப்பிலிருந்து இந்த இடம் 64,000 எழுத்து. உங்கள் எல்எம்எஸ், அதாவது பாடத்தை ஏற்றி யார் முடித்தார் என்று கணக்கு வைக்கும் தளம், எதை ஏற்கும் என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.

ஸ்டோரிலைன் தானாகவே பக்கவாட்டில் ஒரு மெனு வைக்கும். நீங்கள் பாடுபட்டுச் செய்த மெனு நடுவில் இருக்க, இடப்பக்கம் நாற்பது ஸ்லைடின் பட்டியலும் தொங்கினால் படிப்பவர் எதை நம்புவார்? அதை எடுத்துவிடுங்கள். மெனு ஸ்லைடில், பாடத்தைச் சுற்றி ஸ்டோரிலைன் போடும் சட்டமான பிளேயரின் 'அடுத்து', 'முன்பு' பட்டன்களையும் அணைத்துவிடுங்கள்.

முடித்தார் என்று யார் சொல்வது

இதைப் பலரும் வெளியிடும் நாளில்தான் கண்டுபிடிக்கிறார்கள். வெளியிடும்போது, பாடம் 'முடிந்தது' என்று எல்எம்எஸ்ஸுக்கு எப்போது சொல்வது என்று மென்பொருள் கேட்கும். 'இத்தனை ஸ்லைடு பார்த்தால்' என்பது ஒரு வழி. கை பழக்கத்தில் அதையே வைத்து, எண்ணை நாற்பதுக்கு நாற்பது என்று கொடுத்துவிட்டால் நீங்கள் கொடுத்த சுதந்திரமெல்லாம் அங்கே செத்தது. 'ஏன் தண்ணீர் கூடாது?' என்ற ஸ்லைடைத் திறக்காதவர், நேராகத் தேர்வுக்குப் போய் நூற்றுக்கு நூறு எடுத்தாலும், அவர் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்றே நிற்கும். மனிதவளத்துறையிலிருந்து மூன்றாவது நினைவூட்டல் வரும்.

ஸ்லைடு எண்ணிக்கையை விட்டுவிட்டு, தேர்வின் முடிவை வைத்தோ, ஒரு ட்ரிக்கரை வைத்தோ முடிவு செய்யுங்கள். தேர்வே இல்லாத பாடமென்றால், சமையலறைக்காரருக்கு எது கட்டாயம், கேட்டில் இருப்பவருக்கு எது கட்டாயம் என்று பார்த்து, அந்த வேரியபிள்கள் உண்மையானதும் முடிந்ததாகச் சொல்லும் ட்ரிக்கர். மூடிலில் என்றால் ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் நிறைவு நிபந்தனை தனித்தனியாக வைக்கலாம். அங்கே 'ரெஸ்ட்ரிக்ட் ஆக்சஸ்' என்ற பூட்டும் உண்டு. பூட்டைப் பற்றி முன்னால் சொன்னதுதான் அதற்கும்.

கண்ணுக்கும் விரலுக்கும்

என் முதல் வருடத்தில் ஒரு மெனு செய்தேன். அழகான ஆறு படங்கள், மவுஸை மேலே கொண்டுபோனால் பெயர் மிதந்து வரும். காட்டிய இடத்தில் கைதட்டினார்கள். பாடம் போனது டேப்லெட்டுக்கு. தொடுதிரையில் மவுஸ் ஏது? படித்தவர்களுக்குப் பெயரில்லாத ஆறு படங்கள்தான் தெரிந்தன. சிலிண்டர் படத்தை ஒருவர் சமையல் கேஸ் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்லமுடியாது. பெயர் எப்போதும் தெரியவேண்டும். படம் அதற்குத் துணை.

பட்டனின் அளவு: 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் வழிகாட்டுதல், தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. அதன் உயர்ந்த நிலையில் கேட்பது 44-க்கு 44. மாவுக் கையோடு போனைத் தொடும் மாஸ்டரை நினைத்துக்கொண்டு 44-க்கே போய்விடுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் மாறுபாடு 4.5-க்கு 1 வேண்டும். முடிந்ததைப் பச்சை, முடியாததைச் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள், அந்த இரண்டும் பிரித்துத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். டிக் குறியோ 'முடிந்தது' என்ற சொல்லோ கூட இருக்கட்டும்.

தமிழ் மெனுவில் தனியாக ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளம். 'நெக்ஸ்ட்' என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல்லுக்குச் செய்த பட்டனில் 'அடுத்த பகுதிக்கு' நுழையாது. அதனால் எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், சொல்லைச் சின்னதாக்குங்கள், அல்லது பட்டனை அகலமாக்குங்கள். தடித்த எழுத்து சின்ன அளவில் வந்தால் ண, ன, ஞ எல்லாம் சுழி அடைத்து ஒரே கறுப்பாகும். வரி இடைவெளி நெருக்கினால் மேல்வரியின் கொக்கியும் கீழ்வரியின் புள்ளியும் இடித்துக்கொள்ளும். பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து ஒட்டாமல் யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள், இல்லையென்றால் வேறு போனில் குழப்பெழுத்தாகத் தெரியும்.

மூன்று பேரை உட்கார வைப்பது

வெளியிடும் முன் மூன்று பேர் போதும். உங்கள் டீமில் இருப்பவர்கள் வேண்டாம். அவர்களிடம் "மெனு எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்குப்பா" என்றுதான் சொல்வார்கள். வேலை கொடுங்கள்: "எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்யணும்னு கண்டுபிடிங்க." "இப்ப, முதல்ல இருந்த இடத்துக்குத் திரும்பி வாங்க." "இதுவரை எதெல்லாம் முடிச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க." "மூடிட்டு மறுபடி திறங்க." நான்கு வேலை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அவர் தவறான பட்டனுக்குப் போகும்போது வாய் துடிக்கும், திறக்காதீர்கள். எங்கே விரல் தயங்கியது, எங்கே போய்த் திரும்பியது, இதை மட்டும் எழுதுங்கள்.

இதே போன்ற ஒரு தீப் பாதுகாப்புப் பாடத்தைச் சோதித்தபோது, வயதான செக்யூரிட்டி ஒருவரிடம் "அண்ணே, தீப்பிடிச்சா எந்த வழியா வெளிய போறதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெனுவில் 'அவசர வழிகள்' என்று ஒரு பட்டன் இருந்தது. நாங்கள் யோசித்து வைத்த பெயர். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மேல் மூலையில், பாடத்தை மூடுவதற்காக வைத்திருந்த 'வெளியேறு' பட்டனை நம்பிக்கையோடு அழுத்தினார். பாடம் மூடிக்கொண்டது. "என்னப்பா, வெளிய போறதுக்கு வழி கேட்டா என்னையே வெளிய அனுப்பிடுச்சு" என்றார். அன்று மதியமே அதை 'பாடத்தை மூடு' என்றும், மற்றதை 'எந்த வழியாக வெளியே போவது' என்றும் மாற்றினோம்.